வைகைக்கரை வீதிகள் – 9: மதில் விழுந்த இடத்தில்

1764 அக்டோபர் 15 அன்று கான் சாகிப் தூக்கிலிடப்பட்டதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். மதுரைக் கோட்டை கண்ட கடைசிப் பெரிய முற்றுகை அவருடையது. கான்சா மேட்டுத் தெரு என்று அவர் பெயரை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் காத்து நின்ற கோட்டைக்கு அதன்பிறகு காரியம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. எழுபத்திரண்டு கொத்தளங்கள், ஒரு கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது மரபுவழிச் செய்தி. 1799 தொடங்கி 1801 வரை நடந்த போர்களில் கம்பெனி பாளையங்களை ஒடுக்கியபோது, கொத்தளங்களுக்குப் பொறுப்பாளிகளும் இல்லாமல் போனார்கள். எதிரியும் இல்லை, காவலும் இல்லை. மதில் மட்டும் நின்றது, அதைச் சுற்றி அகழி. ஓடாத தண்ணீர் தேங்கித் தேங்கி அகழி சாக்கடையாகிவிட்டது. ஊருக்குள் ஆண்டுதோறும் காய்ச்சல். ஒரு காலத்தில் மக்களைக் காப்பாற்றிய மதில், இப்போது அவர்களை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருந்தது. காற்றும் கிடையாது, வீடு கட்ட இடமும் கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் வாசல் இருக்கிற பக்கம் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

1834-ல் ஜான் பிளாக்பர்ன் கலெக்டராக வந்தார். 1847 வரை இருந்தார். மதுரையின் நடைபாதைகளைப் பற்றி எழுதுகிறவன் இந்த ஆண்டுகளை அவசரமாகத் தாண்டிப் போக முடியாது. இன்று ரயிலை விட்டு இறங்கி மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடக்கிற ஒவ்வொருவரும் அவர் உண்டாக்கிய நிலத்தைத்தான் முதலில் மிதிக்கிறார்கள்.

மதிலை இடிப்பது என்று அவர் முடிவெடுத்தார். இடித்த மண்ணாலேயே அகழியைத் தூர்ப்பது, தூர்ந்த நிலத்தை மனையாக்குவது, மனைகளுக்கு நடுவே வீதி போடுவது. மதிலில் எவ்வளவு பகுதியை ஒருவர் இடித்து அகழியில் தள்ளுகிறாரோ அந்த அளவுக்கு அவருக்கு வீடு கட்ட மனை என்று அறிவித்ததாக மதுரையில் சொல்லிவருகிறார்கள். அரசாங்கச் செலவில் ஆள் பிடித்துச் செய்திருந்தால் முடியாத வேலை இப்படித்தான் முடிந்தது. 1830களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, மூன்று நூற்றாண்டுக் கோட்டை தரைமட்டமாயிற்று.

வேலையை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் நில அளவையாளர் மாரட். இன்னொருவர் பெருமாள் மேஸ்திரி. பழைய மாசி வீதிகளுக்கு வெளியே புதிதாக மூன்று சுற்று வீதிகள் தோன்றின: மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள், எல்லாவற்றுக்கும் வெளிப்புறத்தில் வெளி வீதிகள். அளந்தவர் பெயரும் கட்டுமானத்தை நின்று பார்த்தவர் பெயரும் வீதிக்கு நிலைத்தன. உத்தரவு போட்ட கலெக்டரின் பெயர் அந்த மூன்று சுற்றில் எதற்கும் இல்லை. நன்றி மறக்காத ஊர்க்காரர்கள் அவருக்காக ஒரு விளக்குக் கம்பத்தை நட்டார்கள். கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடுகிற பக்கம் நிற்கிற விளக்குத்தூண் அதுதான். சுற்றுவட்டாரமே அந்தப் பெயரால் விளங்குகிறது.

எனக்குப் பெருமாள் மேஸ்திரியின் பெயர்தான் பெரிதாகப் படுகிறது. கவர்னர்கள், அரசர்கள், தளவாய்கள் பெயரில் தெரு இல்லாத ஊர் நாட்டில் இல்லை. கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து வேலை வாங்கிய ஒரு மேஸ்திரியின் பெயரை, ஒரு பழைய நகரம் தன் நெஞ்சுக்கு நேராக எழுதி வைத்திருப்பது அபூர்வம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அறையெடுத்துத் தங்கும் யாத்ரீகர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பெயரை முகவரியில் எழுதுகிறார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு படம்கூட நம் கண்ணில் பட்டதில்லை. அவர் செய்த வேலை மட்டும் ஊரைச் சுற்றிக் கிடக்கிறது.

கோட்டையை இடித்தது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். இருந்திருந்தால் பார்க்க வருவார்களே என்கிற ஆதங்கம் அவர்களுக்கு. காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் பக்கம் நின்று பார்த்தால், இடித்தது சரிதான். மிச்சம் இருப்பதையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மேல வெளி வீதியில் கொத்தளத்தின் ஒரு துண்டு நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் தலை திருப்புவதில்லை. அதற்கு எவ்வளவோ முந்தைய பாண்டியர் கோட்டையின் அடையாளமாக, கோயிலுக்குக் கிழக்கே கீழ ஆவணி மூல வீதியில் விட்டவாசல் என்கிற வாசல் இருக்கிறது. அதன் கீழே சைக்கிளும் ஸ்கூட்டரும் போய்வருகின்றன. விட்டவாசலிலிருந்து மேல வெளி வீதிக் கொத்தளம் வரை நடந்தால், பாண்டியர் ஊர் எவ்வளவு சிறியது, நாயக்கர் ஊர் எவ்வளவு பெருத்தது என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

இந்த இதழில் நாம் நடக்கப் போவது அதற்கு எதிர்த்திசையில், மேற்கிலிருந்து கிழக்கே. திருச்சியிலிருந்து 1875-ல் ரயில் வந்து சேர்ந்தபோது, நிலையம் ஊரின் மேற்கு விளிம்பில், மதில் விழுந்த எல்லைக்கு வெளியே அமைந்தது. அதனால் கோயிலுக்குப் போகிறவர்களின் பெருவழி டவுன் ஹால் ரோடு ஆயிற்று. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மேல வெளி வீதி. தாண்டினால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. அடுத்து மேல மாரட் வீதி. அதற்கடுத்து மேலமாசி வீதி. கோபுரத்தை நோக்கி இன்னும் உள்ளே போனால் மேல ஆவணி மூல வீதி, பிறகு மேலச் சித்திரை வீதி, கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. கால் மணி நேர நடை. ஒவ்வொரு வீதியைக் குறுக்கே கடக்கும்போதும் காலத்தில் ஒரு படி பின்னே போகிறோம். வழியில் கடைகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது கூடலழகர் பெருமாள் கோயிலின் தெப்பக்குளம். பல தலைமுறை அந்தக் கடைகளில் துணி எடுத்துவிட்டு, பின்னால் குளம் இருப்பது தெரியாமலே வீட்டுக்குப் போயிருக்கிறது.

மாசி வீதிக்குள் கால் வைத்ததும் ஊரின் கணக்கு மாறிவிடுகிறது. வெளிச் சுற்றுகள் அளவைச் சங்கிலியால் பிறந்தவை. உள்சுற்றுகள் நடையால் பிறந்தவை. எந்த மாதத்துத் திருவிழாவில் சாமி எந்தச் சுற்றில் புறப்பட்டதோ அந்த மாதத்தின் பெயர் அந்த வீதிக்கு. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. வீதிகளை வரைந்துவிட்டு அதில் சாமியை நடக்க விட்டார்கள் என்பதைக் காட்டிலும், சாமி நடந்து நடந்து வீதி நிலைபெற்றது என்று சொல்வதே பொருத்தம். ஆண்டுக்கு ஒருமுறை தேர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருந்தால், மாசி வீதியின் அகலத்தை எந்தக் காலத்திலோ திண்ணையும் படிக்கட்டும் விழுங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் இன்றைக்குச் சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். இந்த முரணுக்குக் காரணம் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்டவர்; தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர். மீனாட்சி கல்யாணமும் தேரும் அதுவரை மாசி மாதத்தில் நடந்தன. மாசியில் வயலில் அறுப்பு இருக்கும். வடம் பிடிக்க ஆள் வராது. சித்திரையில் கதிர் வீடு சேர்ந்திருக்கும், கை ஓய்ந்திருக்கும், மடியில் நாலு காசும் இருக்கும். அதனால் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாதம் மாறியது, தேரோடும் தடம் மாறவில்லை. சித்திரைத் திருவிழா மாசி வீதியிலேயே தங்கிவிட்டது.

அரசர் ஒருவர் உழவனின் வேலை நாட்களைப் பார்த்துச் சாமியின் நாளை நகர்த்தினார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் கட்டிய மகாலைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, வரட்டும். 1636-ல் எழுந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. பக்கத்துச் சந்தில் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் தனியே நிற்கின்றன. அரண்மனையில் போனது திரும்பவில்லை. அவர் மாற்றி வைத்த நாள்களோ ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களை நடக்க வைக்கின்றன.

திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ஒன்பதாம் நாள் திக்விஜயம்: புதிதாக முடிசூடிய அரசி மாசி வீதிகளைச் சுற்றிவந்து எண்திசைக் காவலர்களையும் வெல்கிறாள். உலகத்தை வெல்ல அவள் படையெடுத்துப் போகிற தூரம் நாலு மாசி வீதி. பத்தாம் நாள் கல்யாணம். பதினொன்றாம் நாள் தேர். கீழமாசி வீதித் தேர்முட்டியிலிருந்து புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலம் வந்து நிலைக்குத் திரும்புகிறது. திருப்பங்களில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைத்தான் நான் எப்போதும் பார்த்துக்கொண்டு நிற்பேன். சக்கரத்துக்கும் தங்கள் கைக்கும் நடுவே விரல்கடை இடைவெளி. அந்த மூலைகளின் அளவு எந்த வரைபடத்தைக் காட்டிலும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் நடுவே உள்ள தெருக்களில் வரிசை கிடையாது. நுழைந்தால் எங்கே வெளிவருவோம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரைக் கேட்டால் தொழில் தெரியும்: வெங்கலக்கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு. எழுத்தாணி போய்விட்டது, தெரு இருக்கிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். தெற்கு மாசி வீதியில் ஜவுளி. கீழமாசி வீதியில் மளிகை. காலையில் அந்தப் பக்கம் போனால் மிளகாய் மூட்டையின் நெடி தும்மலை வரவழைக்கும். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக்காரர்களும் நெடுங்காலம் இருந்தார்கள். மண்டபத்தைக் காக்க வேண்டி அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது. ஆனால் கல் சிற்பத்துக்குக் கீழே தையல் இயந்திரம் ஓடிய சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மண்டபம் இப்போது வெறிச்சென்றுதான் இருக்கும்.

பொருளுக்கொரு வீதி என்ற இந்த ஒழுங்கு நேற்று வந்ததல்ல. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளின் பொறுப்பில் விட்டுவிட்டு, கோவலன் மட்டும் ஊரைப் பார்க்கப் போகிறான். யவனர் காவல் நிற்கிற வாசலைக் கடந்து, கணிகையர் வீதி, நவமணி விற்கும் வீதி, பொற்கடை வீதி, துணி மடிப்புகள் அடுக்கிய வீதி, கூலம் குவிந்த வீதி என்று ஒவ்வொன்றாக நடந்து, சந்தியும் சதுக்கமும் பார்த்துத் திரும்புகிறான். தமிழில் ஒரு நகரத்தின் வீதிகளை நடந்து எழுதிய பதிவுகளில் இதற்கு இணை சொல்ல மதுரைக்காஞ்சி ஒன்றைத்தான் எடுக்க முடியும். மாங்குடி மருதன் அதில் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் தனித்தனியே காட்டுகிறார். ஊர்காண் காதையில் என் மனம் நிலைப்பது வேறொரு இடத்தில். கோவலன் வெளியூர்க்காரன், பொருளெல்லாம் இழந்தவன். அப்படிப்பட்டவனையும் நீ யார், எங்கே போகிறாய் என்று அந்த வீதிகளில் ஒருவரும் மறிக்கவில்லை. சிலம்பை எடுத்துக்கொண்டு விற்கப் போன இரண்டாம் நடையில்தான் அவனை மறித்தார்கள். அதன்பின் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அதே வீதிகளில் நடந்தாள். கிழக்கு வாசல் வழியே வந்தவள், மேற்கு வாசல் வழியே ஊரை விட்டுப் போனாள்.

யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்ற கேள்வி மதுரை வீதிகளை விட்டு நீங்கியதில்லை. மேலமாசி வீதியில் 251-ஏ எண்ணுள்ள கட்டடத்தில் காந்தி தங்கியிருந்தார். 1921 செப்டம்பர் 22 காலையில், முழு உடையைக் களைந்து முழந்துண்டுக்கு மாறியது அங்கேதான். இப்போது அங்கே கதர்க் கடை நடக்கிறது. அங்கிருந்து மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிட தூரத்தைக் கடந்து கோயிலுக்குள் போக அவருக்கு 1946 வரை ஆயிற்று. மதுரைக்கு இடையில் அவர் வராமலில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் நானும் போகமாட்டேன் என்று வெளியே நின்றார்.

கதவைத் திறந்தவர் அ. வைத்தியநாதய்யர். 1939 ஜூலை 8 அன்று, தாழ்த்தப்பட்ட சாதியினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்த ஐவரில் ஒருவர். கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு எதிர்கொண்டு வரவேற்றார். வெளியே எதிர்ப்பு, வழக்கு, சாபம் எல்லாம் எழுந்தன. ராஜாஜியின் அரசு, நுழைந்தவர்களையும் அதிகாரிகளையும் காக்க உடனே சட்டம் கொண்டுவந்தது. அன்றுவரை அந்த மக்களுக்கு மதுரை என்பது ஒரு சுற்றுக் குறைந்த ஊர். ஆடி வீதி கோயில் மதிலுக்குள் இருக்கிறது. தேரின் வடத்தை வெயிலில் இழுத்த கைகளுக்கு, அந்தத் தேரில் வந்த தெய்வத்தின் வீட்டு முற்றத்தில் நடக்கும் உரிமை கிடையாது. மதுரையின் நடைவழிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தையும் தேரின் அழகையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இதை விட்டால் அது வரலாறு ஆகாது.

இன்று சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கல் பாவிய அந்தச் சுற்றில் சாயங்காலம் குழந்தைகள் ஓடுகிறார்கள், மல்லிகைப் பூ விற்கிறார்கள், களைத்தவர்கள் மதிலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்கள். வெளியே மாசி வீதியில் நடப்பவனுக்கு இடமில்லை. இரு பக்கமும் இருசக்கர வாகனங்கள், நடுவில் ஆட்டோ. தேரன்று ஒருநாள் மட்டும் வீதி தன் முழு அகலத்தைக் காட்டுகிறது. சித்திரை வீதியில் முடிந்தது மாசி வீதியில் ஏன் முடியாது? முதலில் கீழமாசி வீதியில் சரக்கு இறக்கும் நேரத்தை முறைப்படுத்தலாம், சாயங்காலச் சில மணி நேரமாவது வீதியை நடப்பவர்களுக்கு விடலாம். கோட்டையையே இடித்து வழி உண்டாக்கிய ஊருக்கு இது பெரிய காரியமல்ல.

இந்தச் சுற்றுகளெல்லாம் கோயிலை நடுவில் வைத்துச் சுழல்பவை. ஆற்றுக்குப் போகிற வழி வேறு. ஆவணி மூலத் திருவிழாவில் ஒருநாள் சாமி ஆற்றங்கரைக்கே போய்விடுகிறார். வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாய் மண் சுமந்ததும், பிரம்படி பட்டதும் மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கூலி உதிர்ந்த பிட்டு. ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்பில் அந்தத் திருவிளையாடல் இன்றும் நடக்கிறது. இது ஊர் தன் ஆற்றுக்குப் பட்ட கடனை நினைத்துக்கொள்ளும் நடை.

பழைய நாளில் ஆற்றுக்குப் போவதே கொண்டாட்டம். பரிபாடலில் நமக்குக் கிடைத்த முழுப் பாடல்கள் இருபத்திரண்டு. அவற்றில் எட்டு, வையையைப் பாடுபவை. புதுவெள்ளம் வந்தது என்று தெரிந்ததும் ஊரே அணிமணியோடு கிளம்பி, நெரிசலில் இடித்துக்கொண்டு துறைக்கு நடக்கிறது. அப்படி நடக்க இப்போது ஆற்றில் வெள்ளம் வருவது அரிது. 1889-ல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தபிறகு, மணலில் இறங்கி ஏறாமல் கோரிப்பாளையத்துக்குப் போக முடிந்தது. ஊர் வடகரையில் வேகமாகப் பரவியது. பாலம் வந்தது நன்மைதான். ஆனால் அதன்பிறகு ஆறு காலால் கடக்கிற இடமாக இல்லாமல், மேலே இருந்து எட்டிப் பார்க்கிற இடமாகிவிட்டது. யானைக்கல்லுக்கு எதிரே ஆற்றின் நடுவில் நிற்கிற மைய மண்டபத்தை அப்படித்தான் பார்க்கிறோம்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் எல்லோரும் இறங்குகிறார்கள். அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படி மண்டபங்களில் நின்று நின்று, மூன்று மாவடி தாண்டித் தல்லாகுளம் வந்து சேர்கிறார். அங்கே எதிர்சேவை. சித்திரைப் பௌர்ணமியன்று, ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையோடு தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். கால் நனையத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக வைகை அணையைத் திறந்துவிடுகிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் நுழையாமல் அப்படியே ஆற்றோரமாக வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அவர் முன்பு போனது சோழவந்தானை அடுத்த தேனூருக்கு. மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே விழாக்காலத்தில் இணைத்தபோது, அவர் வழி வண்டியூருக்குத் திரும்பியது. தேனூர் பெயரிலேயே ஒரு மண்டபம் இன்றும் வண்டியூரில் இருக்கிறது. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பது அங்கேதான்.

ஊருக்குள் மீனாட்சியின் வழி வட்டம். நாலு வீதியைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவாள். அழகரின் வழி மலையிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற கோடு. திருவிழாவின் நாட்களில் வட்டத்தில் இருந்தவர்களும் கோட்டில் வந்தவர்களும் ஆற்று மணலில் கலந்துவிடுகிறார்கள். மதிலுக்குள் இருந்த ஊரும் மதிலுக்கு வெளியே இருந்த கிராமங்களும் ஒன்றாய் நின்ற இடம், பிளாக்பர்ன் மதிலை இடிப்பதற்கு இருநூறு ஆண்டு முன்பே, அந்த மணல்தான்.

அடுத்த இதழில் பாலம் தாண்டி வடகரைக்குப் போவோம். தமுக்கம், கோரிப்பாளையம் தர்கா, தல்லாகுளம், அழகர் நின்று போகிற மண்டகப்படிகள், அவற்றைக் கட்டிய குடும்பங்களும் சமூகங்களும்.